சூடான ஆர்எக்ஸ்-8 மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால்

2005 மாடல் மஸ்தா ஆர்எக்ஸ்-8, தினமும் ஆறு கிலோமீட்டர் ஆபீஸ் ஓட்டம், பெட்ரோல் போட நிறுத்தி எடுத்தால் வெகுநேரம் செல்ஃப் அடிக்கிறது, பேட்டரி மாற்றியும் தீரவில்லை என்கிறீர்கள். காலையில் டக்கென்று கிளம்பி, சூட்டில் மட்டும் இப்படி என்றால் முதல் சந்தேகம் கம்ப்ரஷன் மேல்தான், அதாவது எஞ்சினுக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும் அளவு. இது ரோட்டரி எஞ்சின், பிஸ்டனுக்குப் பதில் இரண்டு முக்கோண ரோட்டர்கள் சுழலும். அவற்றின் முனைகளில் அழுத்தம் கசியாமல் அடைக்கும் சீல்கள் தேய்ந்திருக்கலாம்.

சாதாரண கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்பவரை நம்பாதீர்கள். ரோட்டரி எஞ்சினுக்கென்று தனி டெஸ்டர் உண்டு. ஒவ்வொரு ரோட்டருக்கும் மூன்று அளவு காட்டும். 250 ஆர்பிஎம்மில் 680 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் எஞ்சினைப் பிரிக்க வேண்டியதுதான், செலவு கையைக் கடிக்கும். அளவு சரி என்றால் தப்பித்தீர்கள்: ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றுகிறதா, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில்கள் பழசா என்று பாருங்கள். காயில் பலவீனமானால் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதையும் கெடுக்கும்.

ஆயில் குறைவது கோளாறு இல்லை. சீல்களுக்காகக் கொஞ்சம் ஆயிலை உள்ளே விட்டு எரிப்பது இதன் வடிவமைப்பே. பெட்ரோல் போடும்போதெல்லாம் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

அப்புறம், வண்டியை வாசலில் இருந்து நகர்த்திவிட்டு உடனே அணைக்காதீர்கள், பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும். நனைந்தால் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டே செல்ஃப் அடியுங்கள், பெட்ரோல் வருவது நிற்கும்.

என்னைக் கேட்டால், எஞ்சின் நன்றாகச் சூடேறும் தூரம் போகிறவருக்கு இது தினசரி காராகும், ஆறு கிலோமீட்டருக்கு ஆகாது. சரி, முதலில் அந்த ஆறு அளவுகளையும் எடுத்து இங்கே போடுங்கள்.