பண்ணிட்டன் போனால் என்ன மிச்சம்?

அன்புள்ள ஐயா,

பேராதனையில் பொறியியல் இரண்டாம் வருடம் படிக்கிறேன். ஆங்கில விரிவுரைகள் விளங்குகின்றன. தமிழ் நண்பர்களோடும் சிங்கள நண்பர்களோடும் கதைக்கும்போது பாதி ஆங்கிலச் சொற்கள்தான். ஆனால் வைவா எனும் வாய்மொழிப் பரீட்சையில் நாலு வசனம் சேர்ந்தாற்போல் வருவதில்லை. ஏன்?

அன்புள்ள தம்பி,

"அசைன்மென்டை சப்மிட் பண்ணிட்டன்." இதில் ஆங்கிலம் இரண்டே சொல். வேற்றுமை உருபு தமிழ், இறந்தகாலம் தமிழ், 'நான்' என்று காட்டும் விகுதியும் தமிழ். சப்மிட் எந்த வேலையும் செய்யாமல் பெயர்ச்சொல்லைப்போல் நிற்கிறது. சிங்களத்திலும் இப்படித்தான்: "லெக்சர் எக கான்சல் வுனா", அதாவது லெக்சர் கான்சல் ஆகிவிட்டது. பெயருக்குப் பின்னால் 'எக'. நாம் செய்வதற்குக் 'கரனவா', தானாய் நடப்பதற்கு 'வெனவா' (இறந்தகாலத்தில் 'வுனா'), நமது பண்ணு, ஆகு போலவே. அரைகுறைச் சிங்களத்தோடும் நண்பர் சொல்வது உங்களுக்குப் பிடிபடுவதற்கு இந்த ஒற்றுமையும் ஒரு காரணம். 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. கன்டீன் மேசையில் இணைப்பது இந்தச் சொற்கள்தான். இந்தக் கலப்பைச் சோம்பேறித்தனம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வைவாவிலோ தமிழ் வினையைக் கழற்றிவிட்டுப் பேச வேண்டும். 'வாஸ்' இல்லாமல் "யெஸ்டர்டே லெக்சர் கான்சல்" என்று நிற்பதும், 'பற்றிக் கதைத்தோம்' என்பதிலிருந்து 'டிஸ்கஸ் அபவுட்' வருவதும் அங்கேதான்.

சொல்வளப் புத்தகம் இப்போது வேண்டாம். அன்றைக்கு உண்மையில் பேசிய கலப்பு வசனங்கள் பத்தை இரவில் எழுதுங்கள். பண்ணு, ஆகு, போ வரும் இடங்களில் கோடிட்டு, முதலில் அவற்றை ஆங்கில வினையாக்குங்கள். 'சப்மிட் பண்ணிட்டன்' என்றால் 'ஐ ஹேவ் சப்மிட்டட் இட்'. 'நேற்று' சேர்ந்தால் 'ஹேவ்' போய்விடும்: 'ஐ சப்மிட்டட் இட் யெஸ்டர்டே'. 'பண்ணிட்டன்' நேற்றோடும் இப்போதோடும் ஒரேமாதிரி ஒட்டுவதால் இந்த இடத்தில் கட்டாயம் வழுக்கும். இதற்கே ஒரு வாரம் கொடுங்கள்.

பிறகு எழுதியதை மூடிவைத்து, அன்று செய்த பரிசோதனையை ஐந்து வசனத்தில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்பவர் தமிழ் தெரியாத சிங்கள நண்பராக இருக்கட்டும். தடுக்கினாலும் 'பண்ணிட்டன்' என்று ஒதுங்க முடியாது. அவருக்கும் இதே பயிற்சி தேவைப்படலாம். ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று சொல்லும் வழக்கம் சிங்கள மாணவரிடம் உண்டு. வாள் சுழற்றுகிறான் என்ற கேலிக்கு அவரும் கூசக்கூடும். முதல் மாதம் விடுதி அறையில், நீங்கள் இருவர் மட்டும்.