சுவர் நனையும் நாளில் ஊர் சுற்றலாம்

கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு மலையூர் அரசுப் பள்ளியில் பத்து நாள் தங்கிப் பழுதுபார்த்துவிட்டு வரும் எங்கள் பன்னிரண்டு பேர் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். கேட்டவர்களின் ஊர் மட்டும் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். நான் ஓய்வுபெற்ற ஓவர்சீயர். பதிலிலும் சிமெண்டு வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சேவை என்று சொல்லிப் போகிறீர்கள். நடுவில் அருவி, கோவில் என்று இரண்டு நாள் உல்லாசம். இது எந்தக் கணக்கில் சேரும்? (சிதம்பரம்)

சிமெண்டுக் கணக்கில். பூசிய சுவரும் ஒட்டுப்போட்ட தரையும் குறைந்தது 7 நாள் தண்ணீர் குடிக்க வேண்டும். மே மாத வெயிலில் அப்படியே விட்டால் வெடித்துவிடும். அதனால் கொத்து வேலையை முதல் மூன்று நாளில் முடித்துவிடுவோம். நான்காம் நாள் அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது. பன்னிரண்டு பேர் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் தரை சீக்கிரம் இறுகிவிடப் போகிறதா? போய்விட்டு வரலாம்.

ஆனால் ஒருவர் இருந்து, பூச்சின்மேல் போர்த்திய சாக்கை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுகிறோம். இந்த ஆண்டு கொல்லிமலையில் முதல் சீட்டு எனக்கே விழுந்தது. மற்றவர்கள் மாசிலா அருவியில் குளித்துவிட்டு வந்து, "தண்ணீர் என்ன குளிர்ச்சி ஐயா!" என்றார்கள். நானும் அன்று முழுக்கத் தண்ணீரில்தான் நின்றேன், கையில் ரப்பர் குழாயோடு.

எங்கள் பக்கத்து மலைக்கு வந்திருக்கிறீர்கள். என்னதான் பார்த்தீர்கள்? (ராசிபுரம்)

முதலில் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தோம். ஒவ்வொரு வளைவிலும் எங்கள் சுண்ணாம்பு மூட்டை பஸ்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்தது. நடத்துநர் கடைசியில் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் விடுமுறையில் சீட்டு என்னை விட்டுவிட்டது. அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு ஆகாய கங்கைக்கு இறங்கினோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது உரக்க எண்ணிக்கொண்டு வந்த தமிழாசிரியை, ஏறும்போது எண்ணவில்லை, பேசவே இல்லை. செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் குரல் திரும்பியது. ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலி, மான், பன்றி எல்லாவற்றையும் துளைத்துக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாகப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் பாடியிருப்பதைச் சொன்னார். எங்கள் பன்னிரண்டு பேரில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரிந்தவர்கள் நால்வர்தாம் என்பது எனக்கு நினைவு வந்தது.

சோளக்காட்டுச் சந்தையில் பலாப்பழம் வாங்கினோம். பெயிண்ட் அடிக்குமுன் கையில் தடவிக்கொள்ள வைத்திருந்த தேங்காய் எண்ணெய் முழுவதும் பலாப் பிசினுக்கே தீர்ந்துபோயிற்று.

மற்ற குழுக்கள் சுவரில் ரயில், மயில் என்று அழகாக வரைகிறார்கள். நீங்கள் ஏன் வரைவதில்லை? (கோவை)

வரைந்தோம். முதல் ஆண்டு, வேறு ஒரு மலையில், வகுப்பறைச் சுவர் நீளத்துக்கு ஒரு ரயில். சுவருக்குள் ஈரம் ஊறிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் மேலே பட்டி பார்த்து வண்ணம் அடித்தது என் பிழை. ஓவர்சீயர் செய்யக்கூடாத பிழை. தீபாவளிக்குள் என்ஜின் உதிர்ந்து பெட்டிகள் மட்டும் நின்றன. அதிலிருந்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை தூரிகையைத் தொடுவதில்லை. இந்த ஆண்டும் ஒரு வகுப்பறை ஒழுகியது. தளமே சரியில்லை என்று ஊரில் சொன்னார்கள். மாடியில் ஏறிப் பார்த்தால், மிளகுக் கொடி படர விட்டிருக்கும் சில்வர் ஓக் மரங்களின் சருகு வடிகுழாயை அடைத்துக்கொண்டிருந்தது. இரண்டு கூடை சருகை அள்ளியதும், கைப்பிடிச் சுவரில் வேர்விட்டிருந்த அரசங்கன்றைப் பிடுங்கிப் பூசியதும்தான் வேலை. சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. புதுப் பூச்சின்மேல் பெயிண்ட் கொப்பளிக்கும், சுண்ணாம்பு பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்று. அங்கே சிறுமிகளின் கழிப்பறைக்குக் கதவு இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்வாளாம். சமையல் அம்மா சொன்னார். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று இருக்கிறது. தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஒரு தாழ்ப்பாள், நாலு திருகாணி, அரை மணி நேரம். இதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள். ஆனால் ரயிலைவிட இது எனக்கு முக்கியம்.

அரசு செய்ய வேண்டியதை நீங்கள் செய்கிறீர்கள். உள்ளூர்த் தொழிலாளியின் கூலியையும் கெடுக்கிறீர்கள். சரியா? (தருமபுரி)

இரண்டாவது பாதி என்னைக் குத்தியது, நியாயமான குத்து. கொத்தனாரும் சித்தாளும் எப்போதும் அந்த ஊர்க்காரர்கள்தாம். அவர்களுக்கு ஊர்க்கூலி முழுதாகக் கொடுக்கிறோம். நாங்கள் கலவை சுமக்கிறோம். மின்சார வேலையும் உள்ளூர் ஆளுக்கே. நாங்கள் போனபின் குழாய் ஒழுகினால் வரப்போவது அவர்தானே?

முதல் பாதிக்கு: 1958 முதல் காமராசர் ஆட்சியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் தங்கள் பள்ளிக்குப் பெஞ்சும் மணியும் கட்டடமும் கொடுத்தார்கள். அதற்காக அரசு கையைக் கழுவிவிடவில்லை. நாங்களும் தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, வட்டாரக் கல்வி அலுவலர் ஆகியோரின் அனுமதி இல்லாமல் ஓர் ஆணிகூட அடிப்பதில்லை. எங்களால் ஆகாத பழுதுகளைப் பட்டியலிட்டு அவர்களிடமே கொடுத்துவிட்டு வருகிறோம்.

என் மகனை இரண்டு நாள் அனுப்பினால் சான்றிதழ் தருவீர்களா? (சென்னை)

தரமாட்டோம். இரண்டு நாளில் அவன் சுண்ணாம்பு வடிகட்டக்கூடக் கற்றுக்கொள்ளமாட்டான். பத்து நாள் வரட்டும். கைக் கொப்புளம் தருவோம்.

எனக்கு வயது 71. முழங்கால் வலி. ஆயிரம் படியெல்லாம் ஆகாது. ஆனாலும் வர ஆசை. சேர்த்துக்கொள்வீர்களா? (திருநெல்வேலி)

உடனே வாருங்கள் அண்ணாச்சி. நாற்காலி போட்டுத் தருகிறோம். அடுத்த ஆண்டு சீட்டுக் குலுக்கும் வேலை இல்லை. ரப்பர் குழாய் உங்களுக்குத்தான்.