கொழுந்து எடையும் எழுத்தறிவும்

அன்புள்ள ஐயா,

சமூகப்பணி முதுகலை மாணவியான நான், கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் தை முதல் நடந்துவரும் மாலை நேர எழுத்தறிவு வகுப்பின் பயனை ஆராய்கிறேன். ஆனியில் வகுப்பு முடிகிறது. கொழுந்து எடை கூடியிருக்கிறதா என்று நிர்வாகம் கேட்கிறது. பெண்களைக் கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கு" என்கிறார்கள். எதை அளப்பது?

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

எடையை நம்பி இறங்காதீர்கள். கொழுந்து வானத்தைப் பார்த்து வளர்வது. தையில் உறைபனியால் கருகி நிற்கும் செடி கோடை மழைக்குப் பின் பொங்கித் தளிர்க்கும் என்பதால், உங்கள் வகுப்பில் ஆறு மாதமும் கும்மியடித்திருந்தாலும் ஆனியில் எடை கூடித்தான் இருக்கும். நிர்வாகம் எண் கேட்டே தீரும் என்றால், வகுப்பு நடக்காத டிவிஷனின் (தோட்டப் பிரிவின்) அதே வாரத்து எடையோடு ஒப்பிடுங்கள். அடுத்த முறையாவது எந்த டிவிஷனுக்கு முதலில் வகுப்பு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யச் சொல்லுங்கள். விரும்பி வந்தவர்களை மட்டும் சேர்த்தால், அவர்கள் முன்பே கெட்டிக்காரர்களாக இருந்திருப்பார்கள் என்ற ஐயம் கடைசிவரை தீராது.

"நல்லா இருக்கு" என்பது டீச்சரின் மனம் நோகக் கூடாது என்று சொல்வது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நீலகிரியின் எழுத்தறிவை 85.2 விழுக்காடு என்கிறதே, அதுவும் யாரையும் படிக்கச் சொல்லிப் பார்த்து எடுத்த கணக்கன்று. வீட்டார் வாய்மொழியாகச் சொன்னது. அறிவொளி எழுத்தறிவு இயக்க நாட்களில் குன்னூர் அருகே ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்) பாடம் நடத்திய நாங்களும் கையெழுத்துப் போடுவோரை எண்ணித்தான் அனுப்பினோம். அவர்களில் ஓர் அம்மா, கோலம் போடுவதுபோல், கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துக்கு வந்து தம் பெயரை அழகாக முடிப்பார். நடுவெழுத்தைத் தனியே எழுதிக் காட்டியபோது, அது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் கணக்கில் அவர் தேறியவர்.

ஆகவே அவர்கள் கைக்கு அன்றாடம் வரும் தாளையே கேள்வித்தாளாக்குங்கள். முன்பு பார்த்திராத ஓர் எடைச் சீட்டைக் கொடுத்து, காலையில் எத்தனை கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். மருந்து அடிப்பவரிடம் புட்டியின் சிவப்பு முக்கோணத்தைக் காட்டினால் கடும் விஷம் என்று சொல்லிவிடுவார். அது நிறத்தை அறிந்து சொல்வது. ஒரு டேங்குக்கு எத்தனை மில்லி என்ற வரியைப் படிக்கச் சொல்லுங்கள். வகுப்பு முடியும் நாளிலும், ஆறு மாதம் கழித்தும், பாதியில் நின்றவர்களையும் சேர்த்து, இதே சோதனையை வையுங்கள்.

அந்த ஆறு மாதம் முக்கியம். இங்கிலாந்தில் பணியிட எழுத்தறிவு வகுப்புகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அலிசன் வுல்ஃப், கேரன் எவன்ஸ் குழுவினர், குறுகிய கால வகுப்புகளால் தேர்வு மதிப்பெண் பெரிதாக ஏறவில்லை என்றும், வேலையில் படிக்கவும் எழுதவும் வாய்ப்பிருந்தவர்களே கற்றதை வளர்த்துக்கொண்டார்கள் என்றும் கண்டார்கள். உங்கள் தோட்டத்துச் சம்பளச் சீட்டு எந்த மொழியில் அச்சாகிறது? ஆங்கிலத்தில் என்றால், தமிழ் கற்ற பெண் அதை எங்கே போய்ப் படிப்பார்? மதிப்பெண் பட்டியலுக்கு முன்னால் அந்தச் சீட்டின் நகல் ஒன்றை ஆய்வேட்டில் சேருங்கள்.