பஸ் ஸ்டாண்டு இடம் மாறினால் மக்களுக்கு லாபமா, நட்டமா? கணக்கிடுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டை 6 கி.மீ. தள்ளி, புறவழிச்சாலைக்குக் கொண்டுபோகிறார்கள். நெரிசல் குறையும் என்கிறார்கள் சிலர், அலைச்சல்தான் மிச்சம் என்கிறார்கள் சிலர். கல்லூரி மாணவர்களை வைத்துக் கணக்கெடுத்து நகராட்சியிடம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். எதை அளக்க வேண்டும்?

பதில்: பழைய நிலையம் மூடுவதற்குள் முதல் கணக்கெடுப்பை முடித்துவிடுங்கள். மூடிய பிறகு, ‘முன்பு எவ்வளவு நேரம் ஆனது?’ என்று கேட்டால் சரியான பதில் வராது. முகூர்த்த நாள், பண்டிகை வேண்டாம். சந்தை நாளைத் தனியாக எடுங்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் போதாது. வீட்டிலிருந்து கிளம்பிப் போய்ச் சேரும்வரை நடை, காத்திருப்பு, டவுன் பஸ், ஷேர் ஆட்டோ காசு எல்லாம் சேர வேண்டும். 2023 டிசம்பரில் சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபோதும் மக்கள் அதிகம் குறைப்பட்டது, அங்கே போய்ச் சேருவதைப் பற்றித்தான்.

காத்திருக்கும் ஒரு நிமிடம், பஸ்ஸில் போகும் 2 நிமிடத்துக்குச் சமம் என்று எடுப்பது வழக்கம். உதாரணமாக, கூடுதலாக 10 நிமிடம் காத்திருந்து 10 நிமிடம் பயணம் என்றால் 30 நிமிடம். மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தால் 40 ரூபாய். கூடுதல் டிக்கெட் 10 ரூபாய். ஆக, ஒருவருக்கு 50 ரூபாய் நட்டம். இந்த 80 ரூபாயை எல்லோருக்கும் ஒன்றாகவே வையுங்கள். சம்பளத்தை வைத்துப் பிரித்தால் பூக்கூடையோடு வரும் அம்மாவின் நேரம் மலிவாகிவிடும், அது நியாயமே இல்லை.

முன்பு தினம் 2,000 பேர் வந்தார்கள், இப்போது 1,500 பேர் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து வருபவர்களின் நட்டம் 75,000 ரூபாய். நின்றுபோன 500 பேர்? அவர்களில் ஒருவர் 5 ரூபாய் கூடியதுமே நின்றிருப்பார், இன்னொருவர் 45 வரை தாங்கியிருப்பார். அதனால் சராசரியாகப் பாதி, தலைக்கு 25 என்று 12,500 ரூபாய் சேர்ப்பார்கள். பாலத்தின் பயனை வசூலாகும் சுங்கத்தை வைத்து மட்டும் அளக்க முடியாது என்று 1844-லேயே பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் துப்புயி எழுதியதிலிருந்து வளர்ந்த முறை இது.

லாபத்தையும் ஒளிக்காமல் எழுதுங்கள். ஊருக்குள் நுழையாமல் போகும் பஸ்ஸில் ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் மிச்சமானால் அதுவும் மக்கள் நலன்தான்.

அப்புறம், அந்த 500 பேரைப் புது நிலைய வாசலில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். மாணவர்களில் பாதிப் பேரைச் சுற்றுக் கிராமங்களுக்கு, வீடு வீடாக அனுப்புங்கள்.