தேங்காய்த் தொட்டியில் சூப்பர்கெபாசிட்டர் கரி: களத்திலேயே செய்யலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கம் கொப்பரைக் களம் வைத்திருக்கிறோம். தேங்காய்த் தொட்டியை (கொட்டாங்குச்சியை) அப்படியே வியாபாரிக்குக் கொடுத்துவிடுகிறோம். சூப்பர்கெபாசிட்டருக்கான கரியை நாங்களே தயாரிக்க முடியுமா?

பதில்: மூலப்பொருளில் குறையே இல்லை. சூப்பர்கெபாசிட்டர் என்பது மின்சாரத்தைச் சேமித்து வேகமாகத் திருப்பித் தரும் சாதனம். அதற்குள் மின்சாரம் சேரும் பகுதியான மின்முனைக்குத் தேங்காய்த் தொட்டிதான் உலகெங்கும் விரும்பப்படுகிறது. அடர்த்தியானது, சாம்பலும் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். நெல் உமியில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அதிலும் பெரும்பகுதி சிலிக்கா.

ஆனால் தொட்டிக்கரி வேறு, மின்முனைக் கரி வேறு. கரியின் மேல் 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸில் நீராவியைச் செலுத்தினால் கார்பனில் ஒரு பகுதி வாயுவாகக் கழன்று போகும்; போன இடமெல்லாம் நுண்துளை. இப்படித் தயாராவதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். நல்ல கரியில் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 1,600 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், நம் கணக்கில் 40 சென்ட் நிலம். அந்தப் பரப்பில் அயனிகள் (மின்னேற்றம் உள்ள நுண்துகள்கள்) வந்து ஒட்டுவதால்தான் மின்சாரம் சேமிக்கப்படுகிறது. பரப்பு மட்டும் போதாது. அயனி நுழைய முடியாத துளையால் பயனில்லை. இரும்புத் துகள் கலந்திருந்தால் ஏற்றிய மின்சாரம் தானாக வடிந்துவிடும். அதனால் அமிலத்தில் கழுவ வேண்டும், அந்தக் கழிவுநீரையும் சுத்திகரிக்க வேண்டும். இது ஆலை வேலை, களத்து வேலை இல்லை.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து சூடாக்கும் முறையைக் களத்தில் முயலவே வேண்டாம். கண்ணையும் தோலையும் அரித்துவிடும். அதிக வெப்பத்தில் பொட்டாசியம் உலோகமும் உருவாகலாம். அதில் ஈரம் பட்டால் தீப்பற்றும்.

நீங்கள் செய்யக்கூடியது, கரியைச் சுத்தமாக எடுப்பது. மண் குழியில் சுட்டு, போர் தண்ணீர் ஊற்றி அணைக்கும் வழக்கத்தை விடுங்கள். மண் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரின் உப்பு கரிக்குள் தங்கிவிடும். மூடிய சூளையில் சுட்டு, காற்றுப் புகாமல் ஆறவிடுங்கள். துரு உதிரும் பழைய டிரம் வேண்டாம். வரும் புகையை எரித்துவிடும் அமைப்பாகப் பாருங்கள், அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் நிம்மதி. சுட்ட பிறகு ஒரு துண்டை உடைத்துப் பாருங்கள். கணீரென்று ஒலித்து, உடைந்த முகம் பளபளத்தால் நன்றாக வெந்திருக்கிறது. ஓரம் பழுப்பாக இருந்தால் இன்னும் வேகவில்லை.

100 கிலோ தொட்டிக்குச் சுமார் 30 கிலோ கரி கிடைக்கும். அப்புறம், சாம்பல், ஈரம், ஆவியாகும் பொருள் மூன்றையும் ஆய்வகத்தில் சோதித்து, அந்த அறிக்கையோடு உங்கள் பகுதி ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகளிடம் நேரடியாக விலை பேசுங்கள்.