எச்டி வீடியோவை எடிட் செய்யும்போது சாஃப்ட்வேர் திரும்பத் திரும்ப க்ராஷ் ஆகிறது. கிராபிக்ஸ் கார்டு வாங்கினால் சரியாகுமா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இது: ஐ5 சிஸ்டம், 8 ஜிபி ராம், ஒரு கல்யாணத்தின் முழு எச்டி ஃபுட்டேஜ், நடுவில் ஆல்பம் போட்டோக்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சாஃப்ட்வேர் தானாக மூடிக்கொள்கிறது. கார்டு வாங்கக் கடன் சொல்லி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடனை ஒரு வாரம் தள்ளி வையுங்கள். பெரும்பாலும் கோளாறு மெஷினில் இருக்காது, டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டை) கிடக்கும் ஏதோ ஒரு ஃபைலில் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பணம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும்.

நான் கிருஷ்ணகிரி பக்கம் காவேரிப்பட்டணத்தில் 12 வருடமாக வீடியோ மிக்ஸிங், அதாவது எடிட்டிங் வேலை செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மாசியில் மயானக் கொள்ளை, வெயில் காலம் வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து. கூத்து வீடியோ செய்தவர்களுக்குத் தெரியும், அதைவிட நீளமான ஃபுட்டேஜ் வேறு எதிலும் வராது. ராத்திரி 10 மணிக்குக் கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் வந்தால் விடிய 6 மணிக்குத்தான் முடியும். இரண்டு கேமரா வைத்தால் 16 மணி நேரம்.

சில வருடம் முன்னால் அப்படி ஒரு கூத்தை எடுத்தேன். விடியற்காலை 4 மணி வாக்கில், கர்ணன் சாயும் கட்டத்தில், ஒரு கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. என் தம்பி சட்டென்று மொபைலை எடுத்து நாலு நிமிடம் பிடித்தான். அந்த நாலு நிமிடத்தையும் டைம்லைனில் சேர்த்து எல்லாம் முடித்து, முழுப் படமாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் கொடுத்தேன். 74 சதவீதத்தில் சாஃப்ட்வேர் மூடிக்கொண்டது. மறுபடி கொடுத்தேன், மறுபடி 74. விண்டோஸை அழித்துப் போட்டேன். பெங்களூரு எஸ்.பி. ரோடு வரை போய் ராம் வாங்கிப் போட்டேன். பவர் சப்ளையையும் மாற்றினேன். அப்போதும் 74. கூத்து வாத்தியார் இரண்டு நாளைக்கு ஒருமுறை கடை வாசலில் வந்து நிற்பார். "ஏம்பா, படம் ஆயிடுச்சா? பேரப்பிள்ளைக்குப் போட்டுக் காட்டணும், அவன் அடவு கத்துக்கணும்" என்பார். அவருக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை.

எட்டு மணி நேரத்தில் நாலு மணிக்கு வரும் காட்சி எத்தனையாவது சதவீதத்தில் வரும் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தால் முதல் நாளே பிடித்திருப்பேன். கோளாறு அந்த மொபைல் கிளிப்பில்தான் இருந்தது.

விஷயம் இதுதான். கேமரா விநாடிக்கு 25 பிரேம் என்றால் 25 பிரேம்தான் எடுக்கும். மொபைல் அப்படி இல்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ ஒரு விநாடியில் 30, அடுத்த விநாடியில் 24 என்று கூட்டிக் குறைத்துக்கொள்ளும். இதற்கு வேரியபிள் ஃப்ரேம் ரேட் என்று பெயர். டைம்லைன் ஒரே சீரான தாளத்தை எதிர்பார்க்கிறது. மிருதங்கம் ஒரு காலத்திலும் பாட்டு ஒரு காலத்திலும் போனால் எப்படியோ, அப்படி ஆகிவிடும். பல நேரம் சத்தமும் வாயசைவும் விலகுவதோடு நின்றுவிடும். நீளமான டைம்லைனில், எக்ஸ்போர்ட் நேரத்தில், சாஃப்ட்வேரே விழுவதும் உண்டு. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கிளிப்பைத் திறந்து, ஃப்ரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் என்று இருந்தால், ஹேண்ட்பிரேக் மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட், 25 என்று கொடுத்து மாற்றிவிட்டு, மாற்றிய கிளிப்பை மட்டும் டைம்லைனில் வையுங்கள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களையும் இப்படிச் சோதிக்காமல் சேர்க்காதீர்கள்.

உங்கள் கேஸில் எது காரணம் என்று எனக்குத் தெரியாது, அதனால் தேடும் முறையைச் சொல்கிறேன். முதலில் எது மூடுகிறது என்று கவனியுங்கள். சாஃப்ட்வேர் மட்டும் மூடிக்கொண்டு விண்டோஸ் அப்படியே இருந்தால் ஃபைல், எஃபெக்ட், கிராபிக்ஸ் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்), ராம் பற்றாக்குறை இவற்றில் ஒன்று. மொத்தக் கம்ப்யூட்டரும் அணைந்து எழுந்தால் சூடு அல்லது கரண்ட். அடுத்தது, ஒரே இடத்தில் விழுகிறதா, கண்ட இடத்தில் விழுகிறதா? ஒரே இடம் என்றால் டைம்லைனைப் பாதியாக வெட்டுங்கள். முதல் பாதியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். அது முழுசாக வந்தால் கோளாறு இரண்டாம் பாதியில். அதையும் பாதியாக்குங்கள். இரண்டு மணி நேர டைம்லைனை இப்படிப் பத்து தடவை பாதியாக்கினால் சுமார் 7 விநாடிக்குள் வந்து நிற்பீர்கள். அந்த 7 விநாடியில் என்ன கிளிப், என்ன எஃபெக்ட், என்ன டைட்டில் என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கல்யாண வேலையில் நான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகப் பார்த்த காரணம் போட்டோக்கள். யாரும் சந்தேகப்படுவதே இல்லை, போட்டோ தானே என்று விட்டுவிடுகிறார்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000-க்கு 4000 பிக்சல். டிஸ்கில் அது 8, 10 எம்பி ஜேபெக்தான். ஆனால் திரையில் காட்டுவதற்காக மெமரியில் விரிக்கும்போது ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 96 எம்பி ஆகிவிடும். ஸ்லைடு ஷோவில் 150 படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஜூம், ஒன்றின் மேல் ஒன்று கரையும் டிரான்சிஷன் என்று வைத்தால் 8 ஜிபி ராம் எங்கே தாங்கும்? அதே படத்தை 1920-க்கு 1280 ஆகச் சுருக்கினால் 10 எம்பி-க்குள் அடங்கும், பத்தில் ஒரு பங்கு. ஜூம் செய்ய வேண்டிய படங்களை மட்டும் 3000 அகலத்தில் வையுங்கள். போட்டோஷாப்பிலோ வேறு எதிலோ மொத்தமாகச் சுருக்க அரை மணி நேரம் ஆகும். உங்கள் சிஸ்டத்தில் ஆல்பம் இருப்பதாகச் சொல்வதால், இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

அடுத்து ஃபுட்டேஜ். ஹேண்டிகேம்களில் வரும் ஏவிசிஎச்டி 2006-இல் சோனியும் பானசோனிக்கும் கொண்டுவந்த முறை. கார்டில் இடம் மிச்சப்படுத்துவதற்காக உண்டானது, எடிட்டிங்குக்காக அல்ல. அதில் எல்லா பிரேமும் முழுப்படமாக இருக்காது. ஒரு முழுப்படம், அதன்பின் ஏறக்குறைய அரை விநாடிக்கு என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும், பிறகு மறுபடி ஒரு முழுப்படம். நீங்கள் நடுவில் ஒரு பிரேமில் வெட்டினால், அந்த ஒன்றைக் காட்ட முன்னும் பின்னும் உள்ளவற்றை எல்லாம் அவிழ்த்தாக வேண்டும். ஒரு கேமராவுக்கு இது பாரமில்லை. மூன்று கேமராவை மல்டிகேமில், அதாவது ஒரே நேரத்தில் ஓடும்படி அடுக்கி, மேலே கலர் கரெக்ஷனும் போட்டால் சிஸ்டம் மூச்சு வாங்கும், ராம் நிரம்பும், அதற்குமேல் விழும்.

இதற்கு மருந்து ப்ராக்ஸி, அதாவது அசலுக்குப் பதிலாக வைக்கும் லேசான நகல். உங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் அடோபி பிரீமியர் என்றால் கிளிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து கிரியேட் ப்ராக்ஸி, டாவின்சி ரிசால்வ் என்றால் ஜெனரேட் ப்ராக்ஸி மீடியா. லேசான நகல்களை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசி எக்ஸ்போர்ட்டில் அசலே போகும்படி விடலாம். புரோரெஸ் என்பது எடிட்டிங்குக்கான வீடியோ வடிவம். அதில் புரோரெஸ் ப்ராக்ஸி முழு எச்டியில் 25 பிரேமுக்கு விநாடிக்கு 38 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 17 ஜிபி ஆகும். அசலை முழுத்தரத்தில் புரோரெஸ் 422 ஆக மாற்றினால் 55 ஜிபி, ஏவிசிஎச்டியில் அதே ஒரு மணி நேரம் 11 ஜிபிதான். இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். முக்கியமாக சி டிரைவைப் பாருங்கள். சாஃப்ட்வேர் தானாக எழுதி வைக்கும் தற்காலிக ஃபைல்கள், அதாவது மீடியா கேஷ், அங்கேதான் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டிருக்கும். செட்டிங்ஸில் அதை வேறு டிரைவுக்கு மாற்றி, பழையதை அழியுங்கள்.

கார்டிலிருந்து காப்பி எடுக்கும்போது எம்டிஎஸ் என்று முடியும் வீடியோ ஃபைல்களை மட்டும் பொறுக்காமல் ஃபோல்டரை அப்படியே எடுங்கள். கேமரா நீளமான ஷாட்டைத் துண்டு துண்டாக எழுதும். அந்தத் துண்டுகள் எப்படிச் சேரும் என்ற தகவல் பக்கத்து ஃபைல்களில் இருக்கிறது. தாலி கட்டும் நேரத்தில் மேளச்சத்தம் நொடிப்பொழுது அறுந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

கிராபிக்ஸ் கார்டு பற்றிக் கேட்டீர்கள். வாங்காமலே சோதிக்கலாம். பிரீமியரில் ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ரெண்டரரை சாஃப்ட்வேர் ஒன்லி, அதாவது கிராபிக்ஸ் கார்டைத் தொடாமல் வேலை செய்யும்படி மாற்றிவிட்டு அதே வேலையைச் செய்யுங்கள். மெதுவாகப் போகும், ஆனால் க்ராஷ் நின்றால் டிரைவர் மேல் சந்தேகம். பழைய டிரைவரை முழுசாக நீக்கி, என்விடியா என்றால் ஸ்டூடியோ டிரைவரைப் போடுங்கள். அப்படியும் க்ராஷ் ஆகிறது என்றால் புதுக் கார்டும் உங்களைக் காப்பாற்றாது. காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ராமுக்குச் செலவழியுங்கள். எச்டி வேலைக்கு 16 ஜிபி என்றுதான் அடோபியே பரிந்துரைக்கிறது, 8 என்பது குறைந்தபட்சம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் அறுக்கும் இடங்களை ஒட்டிக் கடை இருந்தால், கேபினெட்டைத் திறந்து பாருங்கள். ஃபேனிலும் ஹீட் சிங்கிலும் வெள்ளைத் தூசி மாவு போல அப்பியிருக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே மணிக்கணக்கில் ரெண்டர் ஓடினால் பிராசசர் 95 டிகிரியைத் தொடும். சூட்டைக் காட்டும் எச்டபிள்யூமானிட்டர் மென்பொருளில் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். நான் ஆடி மாதம், முகூர்த்தம் இல்லாத நாட்களில், எல்லா சிஸ்டத்தையும் கழற்றித் தூசி ஊதி, தெர்மல் பேஸ்ட் மாற்றிவிடுவேன்.

கிராக் செய்த ப்ளகின்களை (லைசென்ஸ் இல்லாமல் போடும் கூடுதல் எஃபெக்ட்கள்) எடுத்துவிடுங்கள், க்ராஷுக்கு அவையும் காரணமாகலாம். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், நம் பையன்கள் பலருக்கு வேறு வழி இருப்பதாகவே யாரும் சொல்லவில்லை. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பிலேயே எச்டி கல்யாணத்தை முழுதாக முடிக்கலாம்.

போட்டோக்களைச் சுருக்குங்கள், மொபைல் கிளிப்புகளை மாற்றுங்கள், பிறகு ஒரு தடவை எக்ஸ்போர்ட் கொடுங்கள். மறுபடி விழுந்தால், எத்தனையாவது சதவீதத்தில் விழுந்தது, அந்த இடத்தில் உள்ள கிளிப்புக்கு மீடியாஇன்ஃபோ என்ன காட்டுகிறது, இரண்டையும் கீழே கமெண்டில் எழுதுங்கள். ராத்திரி கடை மூடுவதற்குள் பார்த்துச் சொல்கிறேன்.