64 வயதில் விமானம் ஓட்டக் கற்கலாமா?

அண்ணாச்சிக்கு வணக்கம்,

மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வயது 64. மகனைப் பார்க்க டெக்சாஸ் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் தன்னுடைய செஸ்னா என்கிற சின்ன விமானத்தில் என்னை ஏற்றிக்கொண்டு போனார். அவருக்கு 74 வயது. ஊர் திரும்பியும் அதே நினைப்பாக இருக்கிறது. இந்த வயதில் நான் கற்றுக்கொள்ள முடியுமா? ஜே.ஆர்.டி. டாட்டா 78 வயதில் ஓட்டினாரே என்றால், "ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போடவே ஆள் தேடுறீங்க" என்கிறாள் வீட்டில். நீங்கள் ஓட்டுகிறவர். சொல்லுங்கள்.

மு., பாளையங்கோட்டை

அன்புள்ள மு.,

சட்டம் உங்களைத் தடுக்கவில்லை. 65 வயது என்ற வரம்பு விமானக் கம்பெனி விமானிக்குத்தான். சொந்த விருப்பத்துக்கு ஓட்டுகிற உரிமத்துக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும், மேலே வரம்பு கிடையாது. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, எழுத்துத் தேர்வு, ரேடியோ உரிமம், குறைந்தது 40 மணி நேரப் பறப்பு எல்லாம் வேண்டும். நம் வயதில் அந்த 40 மணியிலேயே முடிந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள்.

டாட்டாவை இதில் இழுக்காதீர்கள். அவர் 1929ல் உரிமம் வாங்கியவர். 1932ல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டுவந்து, 50 வருஷம் கழித்து 1982ல் அதே வழியை லெபர்ட் மோத் விமானத்தில் ஓட்டிக் காட்டினார். அது அரை நூற்றாண்டுப் பழக்கம். நீங்கள் இனிமேல்தான் தொடங்கப் போகிறீர்கள்.

பிரஷர், சர்க்கரை, இதயம் எல்லாவற்றையும் டாக்டர் பார்த்துக்கொள்வார். கண்ணாடியை மட்டும் நீங்கள் கவனியுங்கள். நம் கண்ணாடியின் கீழ்ப்பாதி செய்தித்தாள் படிக்கிற தூரத்துக்குப் போட்டது. விமானத்தில் கருவிகள் கைநீட்டும் தூரத்தில் இருக்கும். அதைச் சொல்லித்தான் கண்ணாடி போட வேண்டும்.

டாக்டரால் சோதிக்க முடியாதது ஒன்று உண்டு. நீங்கள் கடைசியாக யாரிடம் திட்டு வாங்கினீர்கள்?

என்னோடு பயிற்சிக்கு வந்த ஒருவர் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல படிப்பாளி, பாடங்களில் எங்களைவிட முன்னால் இருந்தார். ஒருநாள் பழைய செஸ்னா 172ல் அவர் ஓட்ட, நான் பின் சீட்டில் இருந்தேன். மழைக்கால ஈரக்காற்று. அந்த மாதிரி நாளில், வெளியே 25 டிகிரி இருந்தால்கூட, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டருக்குள் பனி கட்டும். பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிவிடுகிறது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை யாரும் தொடாமலே, இன்ஜின் சுற்றுகிற வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் மெல்ல இறங்கியது. சூடான காற்றை உள்ளே விடுகிற குமிழை இழுத்தார். சரியான காரியம்தான். ஆனால் இழுத்ததும் முள் இன்னும் இறங்கும், உருகின தண்ணீரைக் குடித்து இன்ஜின் இருமும். அப்போது வயிறு கலங்கத்தான் செய்யும். அவர் குமிழைத் திரும்பத் தள்ளப் போனார். பயிற்சியாளர் 25, 26 வயதுப் பெண். "கையை எடுங்க சார்" என்றாள். "எனக்குத் தெரியாதாம்மா?" என்றார் இவர். அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தெளிந்தது. கீழே இறங்கியதும் அவள் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அதிகமில்லை என்பது என் அபிப்பிராயம். மறுநாள் அவர் வரவில்லை, அப்புறம் வரவே இல்லை.

வயதாவதால் கை கொஞ்சம் மெதுவாகும், அதைப் பழகிக்கொள்ளலாம். முப்பது வருஷம் "ஐயா, ஐயா" என்று கேட்டுப் பழகின காதுதான் சிரமம். அதே நேரம், நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரம் நமக்கு இல்லை. இன்றைக்கு மேகம் சரியில்லை என்றால் வண்டியைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். இளம் பிள்ளைகளுக்கு அது லேசில் வராது.

உரிமம் வாங்கினால் நம் ஊருக்கு மேலே பறக்க ஆசை வரும். ஆனி, ஆடியில் வேண்டாம். செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழியிலும் புகுந்து வருகிற காற்றுக்காகத்தானே கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்கின்றன? தாமிரபரணியில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் சுழிப்பதுபோல, மேற்குக் காற்று பொதிகையைத் தாண்டி நம் பக்கம் விழுந்து சுழலும். சின்ன விமானம் ஏறுகிற வேகத்தைவிட அது கீழே அமுக்குகிற வேகம் கூடிவிடலாம். அணுமின் நிலையம் இருக்கிற கூடங்குளம், ராக்கெட் இன்ஜின் சோதிக்கிற மகேந்திரகிரி பக்கமும் நினைத்தபடி போக முடியாது.

முதலில் மருத்துவச் சான்று வாங்குங்கள். அதற்குமுன் எந்தப் பள்ளிக்கும் பணம் கட்டாதீர்கள். பிறகு திருவனந்தபுரமோ வேறெங்கோ போய், பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் பறந்து பாருங்கள். மொத்தச் செலவு லட்சங்களில் வரும். ஓய்வூதியப் பணத்தை ஒரேயடியாக முன்பணம் கேட்கிற இடம் வேண்டாம். பறந்த மணிக்குப் பணம் வாங்கிக்கொள்கிற இடமாகப் பாருங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.